சூறாவளிக்குப் பெயரிட்ட மாலுமி

திங்களின் வளர்வையும் தேய்வையும் கணக்கிட்டுப் புயல் வரும் நாளைக் கூறிவிடலாம் என்னும் நம்பிக்கை கடலோடிகளிடையே நெடுங்காலம் நிலவிற்று. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டனோ, புயல் எவ்வாறு சுழல்கிறது, கப்பல் எப்பக்கம் விலகினால் பிழைக்கும் என்பவற்றையே ஆராய்ந்தார்.

இங்கிலாந்தில் 1797-இல் பிறந்த இவர், இளமையில் வணிகக் கப்பல்களில் பணியாற்றிப் பின் கல்கத்தாவில் தங்கினார். வில்லியம் ரீடு என்பார் 1838-இல் வெளியிட்ட புயல் நூல் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்றுதொட்டு, புயலிற் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டலானார். மொரீசியசுக்கு அருகே 1845-இல் ஒரு கப்பல் காற்றுக்கு முன்னே ஓடி, ஏறத்தாழ ஐந்து நாள் ஒரே மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி வந்ததை அக்குறிப்பு ஒன்றிலிருந்தே தெளிந்தார். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் வீசும் அக்காற்றிற்கு, சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்குளோன்’ என்று பெயரிட்டார். 1848-இல் அவர் மாலுமிகளுக்கென எழுதிய நூலுடன், ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகடுகளும் இருந்தன. அவற்றைக் கடற்படத்தின்மேல் வைத்தால், கடல் அறிவு மிகுதியில்லாத மாலுமியும் புயலின் நடுவிடத்தை அறியலாம்.

ஆயினும், காற்றைவிடக் கடலையே அவர் பெரிதும் அஞ்சினார். கோதாவரிக் கழிமுகத்தை அடுத்த கோரிங்கா 1789-இல் அழிந்த வரலாற்றை அவர் அறிவார். கடலேற்றம் உச்சத்தில் இருந்த வேளையில் பெருங்காற்றும் சேர, மூன்று பேரலைகள் ஊரை மூடின. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர் என்பர். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் திங்களும் கதிரவனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று நீரை ஈர்ப்பதால் ஏற்றம் மிகும். அவ்வேளையில் புயல் கரையேறினால் அழிவு பெருகும். புயல் பிறப்பதற்கும் திங்களின் நிலைக்கும் சிறு தொடர்பு உண்டெனச் சில ஆய்வாளர் 1972-இல் காட்டினர். அது புயல் நாளை முன்னறிந்து உரைக்கப் போதுவதன்று.

இதற்கிடையே, கல்கத்தாவிற்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க ஆங்கில அரசு எண்ணியது. பிடிங்டன் வாளாவிருக்கவில்லை. 1853-இல் தலைமை ஆளுநர் டல்கௌசிப் பிரபுவுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். என்றேனும் ஒருநாள் புயலோடு உவர்நீர் புகுந்து, ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்திற்கு ஊரை மூழ்கடிக்கும் என்று எச்சரித்தார். அவர் சொல் எடுபடவில்லை. 1858-இல் அவர் மறைந்தார். துறைமுகம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயரைப் பெற்றது, 1862-இல் இரயில் பாதையும் வந்தது.

1867 நவம்பர் முதல் நாள் இரவு புயல் அடித்தது. அமாவாசை கழிந்து ஏறத்தாழ ஐந்து நாள் ஆகியிருந்தது. கடல் தன் முழு ஏற்றத்தில் இல்லை. அவ்வாறிருந்தும் ஆறடி அலை ஊரினுள் புகுந்து மேடைகளையும் கட்டடங்களையும் சிதைத்தது. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது.