தாம்ஸன் துப்பாக்கியும் அதனைச் சமைத்தவரும்

யந்திரத் துப்பாக்கி என்றதும் சிக்காகோ நகரத்துக் கொள்ளைக் கூட்டத்தாரே நம் மனக்கண்முன் தோன்றுவர். அவர் கையில் விளங்கிய அக்கருவியைச் சமைத்தவரோ ஒழுக்கமும் கல்வியும் வாய்ந்த சேனைத் தலைவர் ஒருவர். ஜான் தாம்ஸன் என்னும் அவரது சரிதத்தை ஈண்டு ஒருவாறு கூறப் புகுவாம்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கெண்டக்கி மாநிலத்து நியூபோர்ட் நகரின்கண் 1860-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி பிறந்தார். வெஸ்ட் பாயிண்ட் போர்ப்பயிற்சிக் கலாசாலையில் 1882-ல் தேறிப் பின்னர் ஆயுதச் சாலைப் பகுதியிற் சேர்ந்தார். 1898-ல் ஸ்பெயின் தேசத்தோடு நேர்ந்த யுத்தத்தில், டாம்ப்பா துறைமுகத்தினின்று கியூபாவுக்குப் படைக்கலம் அனுப்பும் பொறுப்பு இவரதாயிற்று. 1904-ல் லகார்ட் என்னும் வைத்தியரோடு கூடி, எவ்வளவு பருமனுள்ள குண்டு மனிதனை வீழ்த்தும் என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழுவத்து மாடுகளும் சுடப்பட்டன. அந்நகரின் பெயர் இவர் வாழ்வில் மீண்டும் வருமென்று அப்போது யார் கண்டார்!

1914-ல் சேனையினின்று விலகிய தாம்ஸன், 1916-ல் ஆட்டோ ஆர்ட்னன்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். ஐரோப்பாவில் அகழிகளிற் கிடந்து மடியும் வீரர்க்கு, ஒருவனே தூக்கிச் சென்று பகைவரைத் துடைத்தெறியத்தக்க துப்பாக்கி வேண்டுமென்பது இவர் கருத்து. ஆயின் கருவி செம்மையாகி வருமுன் 1918 நவம்பரில் யுத்தம் முடிந்தது. கோல்ட் கம்பெனியார் 1921-ல் வார்க்கத் தொடங்கிய பதினையாயிரம் துப்பாக்கிகளும் எளிதில் விலைபோகவில்லை. ஒன்றின் விலை ஏறத்தாழ 200 டாலர். சேனையாரும் வேண்டிலர், போலீசாரும் மிகுதியாக வாங்கிலர். கொள்ளையரை ஒடுக்கும் துப்பாக்கி என்றே கம்பெனியார் அதனை விளம்பரம் செய்தனர்.

நேர்ந்ததோ வேறு. மதுவிலக்குக் காலத்தில், 1925 முதல், சிக்காகோவின் கள்ளச் சாராயக் கூட்டத்தார் அதனைக் கையாண்டனர். அக்காலத்தில் அதனை வாங்குதற்கு ஐக்கிய நாடுகள் முழுமைக்குமான தடை எதுவும் இல்லை. 1929 பிப்ரவரி 14-ல் அந்நகரத்து மோட்டார்க் கொட்டகை ஒன்றில் எழுவர் சுவரை நோக்கி நிறுத்தப்பட்டு மாண்டனர். அச்செயலில் இரண்டு தாம்ஸன் துப்பாக்கிகள் முழங்கின. செய்தித்தாள்கள் அப்படங்களை உலகெங்கும் பரப்பின.

இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அக்கருவியின் பெயர் பெருகிய அளவுக்கு அதன் பயன் குற்றத்தில் பெருகியதில்லை. சிக்காகோவிலும் பெரும்பாலான கொலைகளுக்குக் கைத்துப்பாக்கியே கருவியாயிற்று. அஃது ஆடைக்குள் மறையும், விலையும் குறைவு. இன்றளவும் அந்நாட்டுத் துப்பாக்கிக் கொலைகளில் கைத்துப்பாக்கியே முதலிடம் பெறுகின்றது. 1934-ல் இயற்றிய சட்டம், யந்திரத் துப்பாக்கியைப் பதிவு செய்வித்து, ஒருவர் மற்றொருவர்க்கு மாற்றுதற்கு 200 டாலர் வரியும் விதித்தது. வரி துப்பாக்கியின் விலையையே எட்டிற்று! அதன்பின் பதிவு பெற்றவற்றால் நேர்ந்த கொலைகள் மிகச் சிலவே. ஆயினும், சாதாரணக் கைத்துப்பாக்கியைத் தொடர்ந்து சுடச் செய்யும் சிறு உறுப்புக்கள் அண்மையில் பெருகியுள்ளன; 2017 முதல் 2021 வரை அவற்றுள் 5,454 அதிகாரிகள் கைக்கு வந்தன. ஆதலின் அச்சம் முற்றும் வீணெனவும் நாம் கூறோம்.

தாம்ஸனுக்கோ எண்ணிக்கை ஆறுதல் அளிக்கவில்லை. தம் கருவி தீயோர் வயப்பட்டதை எண்ணி வருந்துவதாக, முதுமையில் தம் பழைய துணைவர் ஒருவர்க்குக் கடிதம் எழுதினார். உயிரைப் போக்குவதினும் காப்பதிற் கருத்தைச் செலுத்த விரும்புவதாகவும் அதிற் குறித்தார். அக்கடிதம் 1939-ல் எழுதப்பட்டது. அவ்வாண்டிலேயே ஐரோப்பாவில் மீண்டும் யுத்தம் மூண்டது. கம்பெனியும் வேறொருவர் கைக்கு மாறிற்று. பிரான்சும் பிரிட்டனும் அத்துப்பாக்கியை வேண்டி நின்றன. யுத்தம் முடியுமுன் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவை வார்க்கப்பட்டன. அப்பெருக்கை அவர் காணவில்லை. 1940 ஜூன் 21-ந் தேதி, தம் எழுபத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்து, தாம் பயின்ற வெஸ்ட் பாயிண்டிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.