தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர்

பிரஷ்யாவில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சுவார்ட்ஸ் ஐயர் அரசியலை நாடியவரல்லர். எனினும் 1779-இல் சென்னைக் கவர்னரின் தூதராய் ஐதர் அலியிடம் சென்றார். ஐதர் தந்த வழிச்செலவுப் பணத்தைக் கும்பினியாரிடமே ஒப்புவித்தார்.

1780-இல் ஐதர் படையெடுத்தபின் தஞ்சைக் கோட்டையுள் பஞ்சம் புகுந்தது. வெளியே நெல் இருந்தும், முன்னர்த் துபாஷிகளிடம் கூலியிழந்த குடிகள் மாடுகளைத் தர மறுத்தனர். அரசர் வாக்கும் செல்லவில்லை. ஐயர் தாமே பொறுப்பென்று எழுதினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் சேர்ந்தது. அக்குடிகள் பெரும்பாலும் கிறிஸ்தவரல்லர் என்பதை நாம் மறக்கலாகாது. கூலியைத் தம் கையாலேயே கொடுத்தனுப்பினார்.

துளஜா மன்னர் 1787-இல் தம் சுவீகாரப் புத்திரர் சரபோஜியை ஒப்படைத்ததும் இவரிடமே. 1798 பிப்ரவரியில் ஐயர் இறந்தார்; அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் எடுப்பித்தவர், தம் முன்னோர் சமயத்திலேயே நின்ற அச்சரபோஜி.