சாலையோரம் சுட்டுப் போடப்பட்டவர்... இன்று டெராஹெர்ட்ஸ் ஆய்வகங்களில் பேசப்படுவது ஏன்? யார் இந்த ப்ரூனோ டூஷெக்?

1945 ஏப்ரல். ஜெர்மனியின் ஹாம்பர்க் சிறையிலிருந்து கீல் நகர முகாமுக்கு கைதிகள் நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டனர். கடும் காய்ச்சலில் ஒரு 24 வயது இளைஞர் சுருண்டு விழுந்தார். காவலர் அவரைச் சுட்டார். செத்துட்டார்னு நினைத்து அப்படியே விட்டுப் போனார்கள். ஆனால் குண்டு காதருகே காயம்தான் ஏற்படுத்தியிருந்தது.

பிழைத்த அவர்தான் ப்ரூனோ டூஷெக்.

என்ன தப்பு செய்தார்?

1921-ல் வியன்னாவில் பிறந்தவர். தாய் யூதர். அதனாலேயே 1940-ல் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. ஜெர்மனி சென்று, எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் பீட்டாட்ரான் இயந்திரப் பணியில் ரோல்ஃப் விடரோவுக்கு உதவினார். 1945-ல் கெஸ்டபோ கைது செய்தது.

ஆடா பிறந்த கதை

போருக்குப் பின் கிளாஸ்கோவில் முனைவர் பட்டம், 1952-ல் ரோம். 1960 மார்ச்சில் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டி ஆய்வகத்தில் ஒரு யோசனை சொன்னார்: எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் ஒரே வளையத்தில் எதிரெதிராகச் சுற்றவிட்டு மோதவிடலாம். அடுத்த ஆண்டே 'ஆடா' இயங்கியது. இந்த வகையில் உலகின் முதல் சேமிப்பு வளையம் அதுதான். குறுக்களவு சுமார் 1.3 மீட்டர்தான்!

1962-ல் ஆடா லாரியில் ஏறி பிரான்சின் ஓர்சே நகருக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல். துகள்களை நிரப்ப நிரப்ப, அவை சீக்கிரமே காணாமல் போயின.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் டூஷெக். கூட்டமான பஸ்ஸில் இடிபட்டு படிக்கட்டில் இருந்து தவறுவது மாதிரிதான். ஒரே கொத்தில் நெருக்கமாக ஓடும் எலக்ட்ரான்கள் தங்களுக்குள்ளேயே மோதுகின்றன. ஒன்றுக்கு ஆற்றல் கூடுகிறது, இன்னொன்றுக்குக் குறைகிறது. இரண்டுமே பாதை தவறலாம். இதுதான் 'டூஷெக் விளைவு'.

டெராஹெர்ட்ஸுக்கு என்ன தொடர்பு?

மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக் கதிருக்கும் இடைப்பட்டது டெராஹெர்ட்ஸ். 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர். எலக்ட்ரான் கொத்து இதைவிடக் குட்டையாக இருந்தால், எல்லா எலக்ட்ரான்களும் ஒரே தாளத்தில் கதிரை வெளியிடும். அப்போது எலக்ட்ரான்கள் 10 மடங்கானால் கதிரின் திறன் 100 மடங்காகும். பெர்லினின் பெஸ்ஸி 2 வளையத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கொத்தைச் சுருக்கினால் நெரிசல் கூடும், எலக்ட்ரான்கள் வேகமாக இழக்கப்படும். பலமான கதிர் வேண்டுமா, நீண்ட நேரம் சுற்றும் கற்றை வேண்டுமா? வளையத்தை வடிவமைப்பவர்கள் இன்றும் டூஷெக் கணக்கைப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

1978 மே 25-ல் இன்ஸ்ப்ரூக் நகரில், 57 வயதில் டூஷெக் காலமானார்.