கறையான் புற்றை ஆராய்ந்த கேனிக் பெருமகனார்

தாளிதத்தின்போது முதலில் தேடப்பட்டு, உண்ணும்போது முதலில் ஒதுக்கப்படும் கறிவேப்பிலையை அறியாத தமிழர் இலர். ஆயின், தாவர நூலார் அதற்கு இட்ட பெயரிலே ஒரு மனிதரின் பெயர் உறைந்திருத்தலை அறிந்தோர் சிலரேயாவர். 1771 ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸ் அச்செடிக்குப் ‘பெர்கெரா கேனிகி’ எனப் பெயர் சூட்டினார். தம் மாணாக்கராகிய யோகான் கெரார்டு கேனிக் என்பவரின் நினைவாக இட்ட பெயர் அது. அக்கேனிக் தாவரங்களை மட்டுமன்றித் தமிழ்நாட்டுக் கறையான்களையும் ஆராய்ந்தெழுதிய முன்னோடி என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

கேனிக் 1728 ஆம் ஆண்டில், பால்டிக் கடலை அடுத்த லிவோனியாவிற் பிறந்தார். 1757 இல் லின்னேயஸிடம் பாடங்கேட்டார். பின்னர் டென்மார்க்கு சென்று, ஐஸ்லாந்தின் குளிர்நிலத்தில் அலைந்து செடிகளைத் தேடினார். 1768 இல், சோழநாட்டுக் கடற்கரையிலே டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு மிசன் மருத்துவராக வந்து சேர்ந்தார். நோயாளரைக் கவனித்தது போக எஞ்சிய பொழுதையெல்லாம் இயற்கை ஆராய்ச்சிக்கே அவர் செலவிட்டார். மருத்துவ ஊதியம் அவ்வாராய்ச்சிக்குப் போதாமையின், 1774 இல் ஆர்க்காட்டு நவாபின் இயற்கை ஆய்வாளராகப் பணி ஏற்றார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊதியம் பெற்றுச் சீயம், மலாக்கா முதலிய தேசங்களுக்குச் சென்றார். நம் இலங்கையிலும் அவர் செடிகள் சேகரித்ததுண்டு.

1779 இல், தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றிய அவரது கட்டுரை பெர்லின் இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. புற்றினுள் காளான் வளர்தலை அவர் அதிற் குறித்தார். அக்காளான் வீணே முளைப்பதன்று. கறையான் மென்று கழித்த நார்ப்பொருளாற் கட்டிய அடைகளின்மேல் வளர்ந்து, அதனை உணவாகப் பக்குவப்படுத்துவது என்று பிற்காலத்தார் கண்டனர். அரசிக் கறையானை உயிரோடு உண்டால் முதியோரின் முதுகு வலுப்பெறும் என்ற நாட்டு நம்பிக்கையையும் கேனிக் எழுதிவைத்தார்.

அவற்றினும் சுவையானது, ஈசல் பிடிக்கும் முறையைப் பற்றி அவர் கூறுவது. ஈசல் வெளிப்பட்டுப் பறக்கும் காலத்துக்கு முன்னரே ஊரார் புற்றில் இரு துளைகள் இடுவர். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றையது காற்றுப் போகும் பக்கம். காற்றுப் போகும் பக்கத்துத் துளையிலே, உட்புறம் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்துவர். எதிர்ப்பக்கத்தில் துர்நாற்றம் வீசும் பொருள்களை எரித்துப் புகையூட்டுவர். ஈசல் திரள்திரளாகப் பானையிற் புகும். சிலவேளை நல்லபாம்பும் உடன் புகுந்துவிடுமாதலால், பானையை எச்சரிக்கையோடு எடுப்பர். பிடித்த ஈசலை மாவுடன் சேர்த்துப் பலகாரஞ் செய்து ஏழை மக்களுக்கு மலிவாக விற்பர். 1781 இல் ஆபிரிக்கக் கறையான்களைப் பற்றி இலண்டனில் எழுதிய சுமீத்மன் இச்செய்தியை எடுத்தாண்டமையால், அது ஆங்கிலம் அறிந்த உலகெங்கும் பரவிற்று.

மணத்தால் அழைத்தலும் நாற்றத்தால் விரட்டலுமாகிய இம்முறையின் அடியில் ஓர் உண்மை நிற்கின்றது. தொழிற்கறையானுக்குக் கண்பார்வை இல்லை. மணமே அதற்கு வழியும் மொழியும் ஆகும். வயிற்றின் அடியிலுள்ள சுரப்பியினின்று கசியும் பொருளை நிலத்திலே தடவிச் செல்ல, ஏனையவை அத்தடம் பற்றித் தொடர்கின்றன. மழை ஓய்ந்தபின் சிறகுதிர்த்த ஈசல்கள் இரண்டிரண்டாய் ஒன்றன்பின் ஒன்று ஓடுவதைக் காண்கிறோம். பெண் ஈசல் வயிற்றை உயர்த்தி மணம் பரப்ப, அதனால் ஈர்க்கப்பட்ட ஆண் பின்தொடர்கின்றது. இத்தகைய செய்திப் பொருள்களுக்குப் ‘பெரோமோன்’ என்னும் பெயரைக் காள்சனும் லூசரும் 1959 இல் வகுத்தனர். அவருள் லூசர் கறையான் ஆராய்ச்சியிலே பெயர் பெற்றவர். கறிவேப்பிலைப் பானை வைத்த ஊராருக்கும் அப்பெயருக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

1785 ஆம் ஆண்டு யூன் மாதம் 26 ஆம் நாள், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் கேனிக் வயிற்றுளைச்சலால் இறந்தார். தாவர நூல் வல்ல றொக்ஸ்பரோ இறுதி நாள்களில் உடனிருந்தார். கேனிக்கின் கையெழுத்துப் பிரதிகள் அவர் விருப்பப்படி இலண்டனிலிருந்த சேர் யோசேப்பு பாங்ஸைச் சேர்ந்தன. அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. சீயப் பயணக் குறிப்புகள் 1894 இலேதான் சிங்கப்பூரில் வெளிவந்தன. ஆயினும், எழுதி வைத்தமையால் அவை பிழைத்தன. அவருக்குப் புற்றைக் காட்டி, பானை வைக்கும் வகையை விளக்கிய தமிழ் மக்களின் பெயரோ எங்கும் இல்லை. இதற்குக் கேனிக்கை நோவது முறையன்று. அவர் எழுதியிராவிடின் அச்செய்தியும் அவர்களோடே மறைந்திருக்கும்.

தரங்கம்பாடி நமக்கு அயலூரன்று. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் வடமராட்சித் துறைகளுக்கும் அக்கரைப் பட்டினங்களுக்கும் இடையே கடலே தெருவாக இருந்தது. புலோலியிலே புற்றளை என்னும் இடம் தன் பெயரிலேயே புற்றைத் தாங்கி நிற்கின்றது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் குணமறிந்த முதியோர் தொண்டைமானாற்றில் இன்றும் உளர். அவ்வூர் வெளிக்கள நிலையத்தின் பெயரை நம் மாணவர் வினாத்தாள்களிற் காண்கின்றனர். ‘வெளிக்களம்’ என்னும் அச்சொல்லே ஓர் அழைப்பன்றோ? கடனீரேரிக் கரையிலும் பனங்கூடலிலும் நின்று பார்த்தலும், அறிந்தோரைக் கேட்டலும், கேட்டதை அன்றே எழுதுதலுமே அவ்வழைப்பின் பொருள்.

கிடுகு வேலியையும் முன்னோரின் ஏடுகளையும் அரித்த பகையாகவே நாம் கறையானை அறிவோம். செல்லரித்த ஏட்டிலும் சில எழுத்தேனும் எஞ்சும். எழுதாத அறிவில் எஞ்சுவது யாதுமில்லை. ஆதலின், நம் மாணவர் குறிப்பேடும் கையுமாகப் புற்றருகே செல்வாராக. தமக்குக் கற்பித்த ஊராரின் பெயரையும் அக்குறிப்பேட்டில் மறவாது எழுதுவாராக.