அன்னை ஜுவைரிய்யா (ரலி): பெயர் வந்த விதம்

ஜாரியா என்றால் அரபியில் பெண்பிள்ளை. அதையே செல்லமாகச் சிறிதாக்கினால் ஜுவைரிய்யா. பெருமை பேசாத பெயர். அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்களுக்கு முதலில் இருந்த பெயரோ பர்ரா. புண்ணியவதி என்பது அதன் பொருள்.

பனூ முஸ்தலிக் கூட்டத் தலைவர் ஹாரிஸின் மகளார் அவர்கள். ஹிஜ்ரி 5-ல் (6 என்போரும் உண்டு) முரைஸீஃ நீர்நிலையருகே நடந்த போரில் சிறைப்பட்டார்கள். தலைவரின் மகள் அடிமையாயிருக்க மனம் ஒப்புமா? விடுதலைத் தொகை பேசி முடித்து, அதற்கு உதவி கேட்டு நாயகம் (ஸல்) அவர்களிடமே சென்றார்கள். பெருமானார் அத்தொகையைத் தாமே கொடுத்து, அன்னையின் சம்மதத்தோடு நிக்காஹ் செய்துகொண்டார்கள். நபியவர்களின் பெண் வீட்டாரை அடிமைகளாய் வைத்திருப்பதா என்று ஸஹாபாக்கள் தம்மிடமிருந்த கைதிகளை விட்டுவிட்டனர். சுமார் 100 குடும்பங்கள் விடுதலை பெற்றன.

பெயரை மாற்றியதும் பெருமானார்தாம். பர்ராவிடமிருந்து வெளியேறினார்கள் என்று யாரேனும் சொன்னால், புண்ணியத்தை விட்டு வெளியேறியதாக ஆகிவிடுமல்லவா? ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் முதற்பெயரும் பர்ராவே. அங்கே தற்புகழ்ச்சி என்ற பேச்சு எழுந்தது, அதுவும் மாற்றப்பட்டது. நாமோ பெயரின் ஓசையைப் பார்க்கிற அளவுக்குப் பொருளைக் கேட்பதில்லை.

பர்ரா என்ற பெயர்தான் போயிற்று. சுப்ஹு தொழுத இடத்திலேயே முற்பகல் வரை திக்ரில் அமர்ந்திருப்பார்கள் அன்னையவர்கள். அப்படி ஒரு நாள் கண்டபோதுதான், மும்முறை ஓதும் சிறு தஸ்பீஹ் ஒன்றை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லித் தந்தார்கள்.