மார்கரெட் டேஹாஃப்: கரோனா ‘கோடு’களுக்கு எழுத்து கொடுத்தவர் யார்?

கரோனா காலத்தில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட டி614ஜி, என்501ஒய் எல்லாம் நினைவிருக்கிறதா? பார்க்க வண்டி நம்பர் மாதிரி இருக்கும். ஆனால் விஷயம் சிம்பிள். வைரஸின் ஸ்பைக் புரதத்தில் 614-வது இடத்தில் இருந்த ‘டி’ என்ற அமினோ அமிலம் போய், அங்கே ‘ஜி’ வந்துவிட்டது. அவ்வளவுதான் அர்த்தம்.

அமினோ அமிலங்களுக்கு இப்படி ஒற்றை எழுத்து கொடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் டேஹாஃப். பயோமெடிக்கல் இன்ஃபர்மேடிக்ஸில் மேற்படிப்பு சேரும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பல விஷயங்கள் இவர் போட்ட பாதைதான். ஆனால் இவர் படித்த காலத்தில் அப்படி ஒரு துறையே கிடையாது.

கணக்கு மெஷினில் கெமிஸ்ட்ரி

1925 மார்ச் 11-ல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர் மார்கரெட் ஓக்லி. பத்து வயதில் குடும்பம் நியூயார்க்குக்கு மாறியது. 1945-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குவாண்டம் வேதியியலில் பிஎச்.டி.

வளையம் வளையமாக இணைந்த கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடுவது அவருடைய ஆய்வு. கையால் போட்டால் முடிகிற கணக்கு இல்லை. அப்போது கம்பெனிகளில் வரவு செலவு கணக்குக்குப் பயன்பட்டவை பஞ்ச் கார்டு இயந்திரங்கள். அட்டையில் துளை போட்டுத் தகவலைப் பதிந்து இயந்திரத்துக்குள் விட வேண்டும். அந்த இயந்திரங்களையே தன் வேதியியல் கணக்குக்குத் திருப்பினார் மார்கரெட். 1948-ல், 23 வயதில் டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் இயற்பியலாளர் எட்வர்ட் டேஹாஃபுடன் திருமணம்.

இரண்டு மகள்கள் பிறந்தார்கள். குழந்தைகளுக்காகச் சில ஆண்டுகள் ஆராய்ச்சியை நிறுத்தினார். திரும்பி வந்தபோது அந்த ‘கேப்’ அவருக்கு எதிராக நின்றது. துறையின் வேகமான வளர்ச்சியிலிருந்து விலகி இருந்தவர் என்று காரணம் காட்டி, அவர் கேட்ட ஆராய்ச்சி நிதி ஒன்று மறுக்கப்பட்டது.

கிழிந்த காகிதத்தை ஒட்டுவது எப்படி?

1960-ல் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் சேர்ந்தார். அதை நடத்திய ராபர்ட் லெட்லி, மருத்துவத்துக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவர முயன்ற முன்னோடி.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. அந்த வரிசையை ஒரேயடியாகப் படிக்க அப்போது முடியாது. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் படித்து, மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு துண்டில் ‘அம்மா கடைக்கு’ என்றும் இன்னொன்றில் ‘கடைக்குப் போனார்’ என்றும் இருந்தால், பொதுவான சொல்லை வைத்து முழு வாக்கியத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் துண்டுகள் நிறைய இருந்தால்? தலை சுற்றும்.

இதைச் செய்ய லெட்லியும் டேஹாஃபும் ஐபிஎம் 7090 கம்ப்யூட்டருக்கு ‘காம்ப்ரோட்டீன்’ என்ற புரோகிராமை எழுதி 1962-ல் வெளியிட்டார்கள். கையால் நெடுநாள் இழுக்கும் வேலை, நிமிடக் கணக்கில் முடிந்தது.

ஏன் ஒற்றை எழுத்து?

அப்போது அமினோ அமிலங்களை மூன்று எழுத்தில் எழுதினார்கள். ஒரு பஞ்ச் கார்டில் 80 எழுத்துக்குத்தான் இடம். மூன்று எழுத்து என்றால் ஒரு கார்டில் 26 அமிலங்கள்தான் வரும். ஒற்றை எழுத்து என்றால் 80.

சிக்கல் என்னவென்றால், அலனைன், ஆர்ஜினைன், அஸ்பாரஜின், அஸ்பார்டிக் அமிலம் என நான்கு பெயர்கள் ‘ஏ’ என்ற ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன. அலனைனுக்கு ஏ, ஆர்ஜினைனுக்கு ஆர், அஸ்பாரஜினுக்கு என், அஸ்பார்டிக் அமிலத்துக்கு டி என்று பிரித்தார். கரோனா செய்தியில் பார்த்த ‘டி’யும் ‘என்’னும் இவைதான்.

1965-ல் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து ‘அட்லஸ்’ என்ற பெயரில் அவருடைய குழு புத்தகமாக வெளியிட்டது. இன்றைய உயிரியல் டேட்டாபேஸ்களின் மூத்த வடிவம் அது. பரிணாமத்தில் எந்த அமிலம் எதுவாக அதிகம் மாறுகிறது என்பதையும் எண்ணினார். 71 புரதக் குழுக்களில் 1,572 மாற்றங்களை எண்ணி 1978-ல் வெளியிட்ட ‘பேம்’ அட்டவணை, இரண்டு புரதங்கள் உறவா இல்லையா என்று மதிப்பெண் போட உதவியது.

தொகுப்பது அறிவியலா?

இங்கேதான் பிரச்சினை. பல ஆய்வகங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த வரிசைகளை இவர் தொகுத்து விற்கிறார் என்ற முணுமுணுப்பு எழுந்தது. இன்னொரு பக்கம், சரிபார்த்துத் தொகுப்பதே முழுநேர உழைப்பு. அதற்கு நிலையான நிதி கிடையாது. அட்லஸை விற்ற பணம் அந்த வேலையைத் தொடரத்தான் தேவைப்பட்டது.

அமெரிக்க அரசு டிஎன்ஏ வரிசைகளுக்குத் தேசிய டேட்டாபேஸ் அமைக்க முடிவெடுத்தபோது டேஹாஃபின் குழுவும் போட்டியிட்டது. 1982-ல் அந்த வேலை லாஸ் அலமோஸ் ஆய்வகம் இருந்த அணிக்குப் போனது. தரவு எல்லோருக்கும் இலவசமாக, தடையில்லாமல் கிடைக்கும் என்ற அவர்களின் வாக்குறுதி எடுபட்டது. அதுதான் இன்றைய ஜென்பேங்க்.

அதே 1982-ல் டேஹாஃபும் அவருடைய சக ஆய்வாளர் வினோனா பார்க்கரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸ் புரதமும், பாலூட்டிகளின் செல்லில் இயல்பாக இருக்கும் ஒரு நொதியும் உறவுக்காரர்கள் என்று அது காட்டியது. அதைக் கண்டுபிடிக்கக் கை கொடுத்தது, தொகுத்து வைத்த வரிசைகளின் ஒப்பீடு. வெறும் தொகுப்பாளர் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

1983 பிப்ரவரி 5-ல் மாரடைப்பில் இறந்தார். வயது 57.

அடுத்த ஆண்டு, அவர் சேர்த்த தொகுப்பு ‘பிஐஆர்’ என்ற புரதத் தகவல் மையமாக வளர்ந்தது. 2002-ல் அது ஐரோப்பிய அமைப்புகளுடன் சேர்ந்து ‘யூனிப்ராட்’ உருவானது. இன்று யார் வேண்டுமானாலும் போனிலேயே அதைத் திறந்து பார்க்கலாம். காசு கிடையாது. அவர் தலைவராக இருந்த அமெரிக்க உயிர் இயற்பியல் சங்கம், ஆராய்ச்சியில் ஆரம்ப நிலையில் இருக்கும் பெண்களுக்கு அவர் பெயரில் விருது கொடுக்கிறது. ‘கேப்’ விழுந்ததால் நிதி மறுக்கப்பட்ட ஒருவரின் பெயரில், அந்தக் கட்டத்தில் இருக்கும் பெண்களுக்கான விருது.