வேதியியல் மேதை காசிமிர் ஃபஜான்ஸ்

நாம் நாள்தோறும் உணவில் சேர்க்கும் உப்பு சோடியம் குளோரைடு ஆகும். அதனை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். தனிம அட்டவணையில் சோடியத்திற்கு அடுத்து நிற்பது மக்னீசியம்; அதன் குளோரைடு 714 டிகிரியில் உருகுகிறது. அதற்கும் அடுத்து நிற்கும் அலுமினியத்தின் குளோரைடோ, ஏறத்தாழ 180 டிகிரியிலேயே உருகாமல் நேராக ஆவியாகிவிடுகிறது! மூன்றும் உலோகங்களே, மூன்றும் சேர்ந்திருப்பது அதே குளோரினுடன்தான். பின் ஏன் இத்தனை வேறுபாடு? உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நம்மை இக்கேள்வி திகைக்க வைக்கிறது. இதற்கு விளக்கம் தந்த பெரியார் காசிமிர் ஃபஜான்ஸ். பாடநூலில் 'ஃபஜான் விதி' என்று பெயரளவில் மட்டுமே நாம் சந்திக்கும் அவருடைய வாழ்வைச் சற்று அறிந்துகொள்வோம்.

ஃபஜான்ஸ் 1887ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் வார்சா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். போலந்து நாட்டின் அந்நகரம் அக்காலத்தில் ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. உயர்கல்விக்காக ஜெர்மனி சென்ற அவர், 1909இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், அணு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரூதர்போர்டிடம் பயின்றார்.

ஜெர்மனிக்குத் திரும்பிய அவர் கார்ல்ஸ்ரூ நகரில் பணியாற்றினார். ஆல்பா துகளை இழக்கும் தனிமம் அட்டவணையில் இரண்டு இடம் பின்னோக்கியும், பீட்டா துகளை இழக்கும் தனிமம் ஓரிடம் முன்னோக்கியும் நகரும் என்பதை 1913இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் சாடி என்னும் ஆங்கிலேய அறிஞரும் இம்முடிவைத் தனியே கண்டறிந்தார். சாடிக்கு 1921ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசு கிடைத்தது. பலமுறை முன்மொழியப்பட்டும் ஃபஜான்சுக்கு அப்பரிசு கிட்டவேயில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை.

1917இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஃபஜான்ஸ், 1923இல் தம் புகழ்பெற்ற விதியை வகுத்தார். அதன் கருத்து எளியது. உலோக அணு எலக்ட்ரானை இழந்து நேரயனி ஆகிறது. அலோக அணு அதைப் பெற்று எதிரயனி ஆகிறது. ஆனால் இவ்விரண்டும் கெட்டியான கோலிக்குண்டுகள் அல்ல. எதிரயனியைச் சுற்றியிருப்பது இளகிய எலக்ட்ரான் முகில். பஞ்சு மூட்டையை ஒரு பக்கமாகப் பற்றி இழுத்தால் அது அப்பக்கம் சரிகிறதல்லவா? அவ்வாறே நேரயனி அந்த முகிலைத் தன்பால் இழுத்து உருக்குலைக்கிறது. இதனையே முனைவுறுத்தல் என்கிறோம். நேரயனி சிறியதாகவும் மின்சுமை மிகுந்ததாகவும் இருந்தால் இழுப்பு வலுக்கும். எதிரயனி பெரியதாக இருந்தால் எளிதில் இழுபடும். இழுப்பு மிகும்போது எலக்ட்ரான்கள் இரு அணுக்களுக்கும் பொதுவாகின்றன. அப்போது அயனிப் பிணைப்பு சகப்பிணைப்பின் இயல்பைப் பெறுகிறது.

இனி, நம் வினாவிற்கு விடை எளிது. சோடியம் அயனி பெரியது. அதன் மின்சுமை ஒன்றே. அலுமினியம் அயனியோ அதனினும் மிகச் சிறியது, மின்சுமை மூன்று. ஆகவே அது குளோரைடின் முகிலை வலிந்து இழுக்கிறது. ஆவி நிலையில் அலுமினியம் குளோரைடு தனித்தனி மூலக்கூறுகளாகவே உலவுகிறது. ஃபுளூரைடு அயனி சிறியது, எளிதில் இழுபடாதது. எனவே அலுமினியம் ஃபுளூரைடு ஆவியாக 1200 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். மிகச்சிறிய அயனியைக் கொண்ட பெரிலியத்தின் குளோரைடு உருகிய நிலையிலும் மின்சாரத்தைச் சரிவரக் கடத்துவதில்லை. சாராயத்தில் நம் உப்பு கரைவது அரிது. லித்தியம் குளோரைடோ நன்கு கரைகிறது. இவையெல்லாம் அந்த ஒரே விதியின் விளைவுகள்.

1932இல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு மியூனிக்கில் ஃபஜான்சுக்காக ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதர் என்ற ஒரே காரணத்திற்காக 1935இல் ஃபஜான்ஸ் பதவியை இழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறினார். ஐம்பதை நெருங்கும் வயதில், 1936இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அங்கே பிணைப்பு பற்றி அவர் உருவாக்கிய புதிய கொள்கையைப் பிற அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனினும் 1957இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1975ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஆன் ஆர்பர் நகரில் தமது 87ஆம் வயதில் மறைந்தார்.

உலோகம் என்ற பெயரைக் கொண்டே அதன் பிணைப்பை முடிவுசெய்யலாகாது, அதன் அளவையும் மின்சுமையையும் பார்க்கவேண்டும் என்று கற்பித்தவர் ஃபஜான்ஸ். அவரையோ ஓர் அரசு, பிறப்பை மட்டும் பார்த்து ஒதுக்கியது. அயனிப் பிணைப்பிற்கும் சகப்பிணைப்பிற்கும் இடையே மதிற்சுவர் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சிறிது சிறிதாகச் செல்லும் பாதையே உண்டு. இனித் தேர்விற்காக ஃபஜான் விதியைப் படிக்கும்போது, அதன் பின்னே நிற்கும் அந்த உறுதி மிக்க மனிதரையும் நாம் நினைவுகூர்வோமாக!